கொல்லையிலே ஒரு மரமில்
(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்)



2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தபோது நான் ஆறாம் வகுப்பு. புதுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊரில் விடிந்து பார்த்தால், அப்பத்தா நட்ட பலாமரம் வேரோடு சாய்ந்து கிடக்கிறது. விறகுக்குக் கேட்ட விலையைச் சொன்னால் வயிறு எரியும். "வைரம் பாஞ்ச மரம்டா, அடுப்புலயா வைக்கிறது?" என்று அப்பத்தா அழுதார்.

பாதையை மறித்த மரங்களை வெட்ட வந்த செயின்சாவை இரவல் வாங்கி, மாமாவே அடிமரத்தில் ஒரு பாதியைப் பலகையாக அறுத்தார். எட்டுப் பலகை தேறியது. ஆறே மாதத்தில் எட்டும் நெளிந்து வெடித்துவிட்டன. காரணம் வொர்க்‌ஷாப் வகுப்புக்கு வந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. மாமாவின் தவறுகளையே பாடமாகத் தருகிறேன்.

1. சங்கிலி: செயின்சாவோடு வரும் சங்கிலி மரத்தைக் குறுக்கே துண்டுபோடத் தகுந்தது. அதன் பல்லின் மேல்வெட்டுக் கோணம் சுமார் 30 டிகிரி. நார் ஓடும் திசையில் நீளவாக்கில் அறுப்பதற்கு அதை அரத்தால் 10 டிகிரிக்குத் தீட்ட வேண்டும். இல்லாவிட்டால் பலகை சொரசொரப்பாகும், எஞ்சின் திணறும். எஞ்சினும் 60 சி.சி.க்கு மேல் இருப்பது நல்லது.

2. வழிகாட்டி: கையால் பிடித்து அறுத்தால் கோடு நேராக வராது. சங்கிலி ஓடும் பாரில் பொருத்தும் இரும்புச் சட்டம் ஒன்று உண்டு. அலாஸ்கன் மில் என்பார்கள். முதல் அறுப்புக்கு மரத்தின்மேல் ஏணியையோ நேரான பலகையையோ ஸ்குரூ போட்டு இறுக்கி, சட்டத்தை அதன்மேல் தள்ள வேண்டும். பிறகு அறுத்த தட்டைப் பரப்பே வழிகாட்டி. அறுத்த இடம் இறுகாமல் இருக்க, பின்னாலேயே ஆப்பு வைத்து வாருங்கள்.

3. கனம்: மாமா எல்லாவற்றையும் ஒரு அங்குலமாக அறுத்தார். கணக்குப் போடுவோமா? ஒவ்வொரு அறுப்பிலும் செயின்சா சுமார் 8 மி.மீ. மரத்தைத் தூளாக்கும், பேண்ட்சா சுமார் 2 மி.மீ.தான். 300 மி.மீ. உயரமுள்ள கட்டையை 25 மி.மீ. பலகையாக அறுத்தால் பேண்ட்சாவில் 11, செயின்சாவில் 9. இரண்டு பலகை தூளோடு போச்சு! அதையே 50 மி.மீ. பலகையாக அறுத்தால் இரண்டிலும் 5. ஆகவே செயின்சாவா, கனமாக அறுங்கள்.

4. காயவைத்தல்: அறுத்த பலகைகளை மாமா வெயிலில் சாத்தி வைத்தார். அதுதான் பெரிய தவறு. ஈரம் சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போது மரம் சுருங்கத் தொடங்கும். வளையத்தின் போக்கில் சுருங்குவது, மையத்திலிருந்து வெளிநோக்கிச் சுருங்குவதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. நெளிவும் வெடிப்பும் இதனால்தான். நட்ட நடுமையம் உள்ள துண்டைப் பலகையில் சேர்க்காதீர்கள். வெட்டுமுனைகளில் உடனே பெயிண்ட் அடியுங்கள். நிழலில், இரண்டடிக்கு ஒன்றாக ஒரே கனமுள்ள ரீப்பர் குச்சி வைத்து அடுக்கி, மேலே பாரம் ஏற்றுங்கள். காய்ந்ததா என்று அறிய ஒரு சிறு துண்டை நிறுத்து, லேப் அவனில் 103 டிகிரியில் எடை மாறாத வரை காயவைத்து, மறுபடி நிறுங்கள். 180 கிராம் 120 ஆனால் ஈரம் 60/120, அதாவது 50 சதவீதம். 15க்குள் வந்த பிறகே ஆசாரியிடம் கொடுக்கலாம்.

5. உயிர்: வீட்டு மரத்தில் ஆணி, கொடிக்கம்பி எல்லாம் புதைந்திருக்கும். எங்கள் பலாவில் இருந்த பழைய ஊஞ்சல் கொக்கியில் பட்டு சங்கிலி அறுந்து, மாமாவின் காலருகே வந்து விழுந்தது. "பொழச்சது தம்பிரான் புண்ணியம்" என்று இன்றும் சொல்வார். முதலில் காந்தம் வைத்துத் தேடுங்கள். பார் நுனியின் மேல்பாதி எதிலும் படக்கூடாது. பட்டால் மெஷின் முகத்துக்கே எகிறும். கண்ணாடி, காதடைப்பு, ஷூ இல்லாமல் தொடவே வேண்டாம். சந்தனம், தேக்கு என்றால் முதலில் வனத்துறையில் விசாரியுங்கள்.

மிச்சமிருந்த பாதி மரத்தை அப்பத்தா யாருக்கும் கொடுக்கவில்லை. வெளிப்பக்கம் உளுத்தாலும் வைரம் அப்படியே இருந்தது. போன வருடம் மேலே சொன்ன முறையில் மாமாவும் நானும் மூன்று பலகை அறுத்தோம். இன்னும் நிழலில் காய்கிறது. "என் காலத்துல ஒரு பெஞ்சு பாத்துருவேனாடா?" என்கிறார் அப்பத்தா. மாதம் ஒருமுறை எடை பார்த்து வருகிறேன். இம்முறை அவசரப்படுவதாக இல்லை.