துண்டுச் சீட்டும் திருச்சிலுவையும்

"பாவம் என்றால் என்ன?" என்று ஞானோபதேச வகுப்பில் கேட்டால், "தேவ கட்டளையை மனமறிந்து மீறுவது" என்று நம் சிறுவர்கள் தடையின்றி ஒப்புவிப்பார்கள். விடை சரியானதே. ஆனால் நம் ஆண்டவர் கற்பித்த செபத்தை மத்தேயு எழுதிய நற்செய்தியில் கிரேக்க மூலத்தில் பார்த்தால், 'பாவம்' என நாம் சொல்லும் இடத்தில் 'கடன்' என்ற சொல்லே இருக்கிறது. லூக்காஸ் நற்செய்தியில் அதே செபத்தில் பாவம், கடன் ஆகிய இரு கருத்துகளும் சேர்ந்து வருகின்றன. பாவம் ஒரு கடன். மன்னிப்பு என்பது கடன் தள்ளுபடி. இந்த உண்மையை விளங்கிக்கொள்ள மலையகத்தாருக்கு வேறு நாட்டு உதாரணம் தேவையில்லை. நம் பாட்டன் பூட்டன் காலத்துத் 'துண்டு' போதும்.

துண்டு என்பது என்ன?

தென்னிந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் ஆட்களைக் கூட்டிவந்தவர் கங்காணி. வழிச் செலவுக்கென்று தோட்டத்து துரை அவரிடம் முன்பணம் கொடுப்பார். அந்தப் பணம் தொழிலாளியின் பெயரிலே கடனாக எழுதப்படும். ஆகவே முதல் நாள் மலையில் கால் வைக்கும்போதே அந்த மனிதன் கடன்காரன். அரிசிக்கும், கம்பளிக்கும், கலியாணத்துக்கும், சாவுக்கும் கடன் மேலும் ஏறும். எழுதப்பட்டதை வாசிக்கவும் அவனுக்குத் தெரியாது.

அவன் வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால், பழைய தோட்டத்து துரை ஒரு சீட்டு எழுதித் தருவார். இந்த ஆட்களின் கடன் இவ்வளவு, அதைச் செலுத்தினால் இவர்களை விடத் தயார் என்பதே அதன் பொருள். அதுதான் துண்டு. புதிய தோட்டம் அந்தத் தொகையைக் கட்டும். ஆனால் அது புதிய இடத்தில் அவன் கணக்கிலேயே மறுபடி ஏறும். தோட்டம் மாறியது, துரை மாறினார், லயம் மாறியது. கடன் மட்டும் மாறவில்லை.

1921ஆம் ஆண்டின் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. 1923ஆம் ஆண்டின் சட்டம், ஆட்களை வரவழைக்கும் செலவைத் தோட்டக்காரர் செலுத்தும் பொது நிதியின்மேல் சுமத்தியது. வருகிறவர் கடனின்றிக் கரையிறங்க வழி பிறந்தது.

பாவம் கட்டும் விதம்

வாசகரே, பாவமும் இப்படித்தான் கட்டுகிறது. முதலில் அது முன்பணம் போல் இனிப்பாக வருகிறது. ஒரு பொய்யை மறைக்க இன்னொரு பொய். சம்பள நாளில் தவறணையில் தொடங்கிய ஒரு கிளாஸ், பிள்ளையின் பள்ளிக்கூடக் கொப்பிக் காசை விழுங்குகிறது. ஊர் மாறினால் திருந்திவிடலாம் என்று சிலர் கொழும்புக்குப் போகிறார்கள். துண்டு போல அந்தப் பழக்கமும் கூடவே பஸ் ஏறுகிறது. இடம் மாறுவது மனம் மாறுவதாகாது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். துண்டு முறைக்குப் பொறுப்பாளி யார்? கங்காணியைக் கேட்டால் துரையைக் காட்டியிருப்பார். துரை கொழும்புக் கம்பெனியைக் காட்டியிருப்பார். கம்பெனி லண்டன் பங்குதாரரைக் காட்டியிருக்கும். எல்லோர் கையிலும் பேனா இருந்தது; எவர் மனமும் உறுத்தவில்லை. இத்தகைய நிலையைத்தான் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1987ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் 'பாவக் கட்டமைப்புகள்' என்றார். அதே சமயம், அவை தாமாக முளைப்பவை அல்ல, தனி மனிதரின் பாவங்களிலேயே வேர்கொண்டவை என்பதையும் அவர் தெளிவாகப் போதித்தார். ஆகவே "முறை அப்படி, நான் என்ன செய்ய?" என்று கைகழுவ எவருக்கும் இடமில்லை. பிலாத்துவும் கை கழுவினான்.

மீட்பு என்பது என்ன?

'மீட்பு' என்ற சொல் நம் வீடுகளில் அன்றாடம் புழங்கும் சொல். திருநாளுக்காகவோ பிள்ளையின் படிப்புக்காகவோ தோட்டை அடகு வைக்கிறோம். பிறகு பணம் கட்டி மீட்கிறோம். அடகுக் கடைப் பெட்டிக்குள் கிடக்கும் தோடு தன்னைத் தானே மீட்டுக்கொள்ளுமா? உடையவள் வரவேண்டும், விலை கொடுக்கவேண்டும். அவள் ஏன் வருகிறாள்? தோடு அவளுடையது, அவளுக்கு அது வேண்டும். மனிதன் இறைவனுடையவன். ஆகையால் இறைவனே தேடி வந்தார்.

கொலோசெயருக்கு எழுதிய திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தில் புனித சின்னப்பர் காட்டும் படம் வியப்பானது. நமக்கு எதிராக நின்ற கடன்சீட்டைக் கடவுள் அழித்து, அதைச் சிலுவையில் ஆணியடித்து அகற்றிவிட்டார் என்கிறார். மூலத்திலுள்ள சொல், ஒருவர் கைப்பட எழுதிக்கொடுத்த கடன்பத்திரத்தைக் குறிப்பது. நம் பாஷையில் சொன்னால், நம்முடைய துண்டு சிலுவையில் அறையப்பட்டது. அது புதிய தோட்டத்துக்கு மாற்றி எழுதப்படவில்லை; இல்லாமலே போயிற்று.

சின்னப்பர் இதைச் செயலிலும் காட்டினார். ஓடிப்போன அடிமை ஒனேசிமுவைப் பிலமோனிடம் திருப்பி அனுப்பும்போது, அவன் ஏதாவது கடன்பட்டிருந்தால் அதைத் தம் கணக்கில் எழுதும்படியும், தாமே செலுத்துவதாகவும் தம் கைப்பட எழுதிக் கொடுத்தார். கிறிஸ்து நமக்குச் செய்ததைச் சீடன் பிறனுக்குச் செய்தான்.

சிலர் கடவுளை ஒரு பெரிய கங்காணியாக எண்ணி நடுங்குகிறார்கள். அவர் கொப்பியும் கையுமாக நம் குற்றங்களைக் கூட்டிக்கொண்டிருப்பதாக நினைக்கிறார்கள். இது தவறான எண்ணம். கடனைத் தம் தலைமேல் ஏற்றவரே நம் கடவுள்.

நீதியான வாழ்வு

அப்படியானால் கடன் தீர்ந்தது, இனி எப்படியும் வாழலாமா? மத்தேயு 18ஆம் அதிகாரத்தின் உவமை இதற்கு விடை தருகிறது. அரசன் ஒருவனுக்குப் பதினாயிரம் தாலந்து தள்ளுபடி செய்தான். ஒரு தாலந்து சுமார் 6,000 நாட்கூலி. ஆக மொத்தம் ஆறு கோடி நாட்கூலி. வருடத்துக்கு 300 நாள் பேர் போட்டாலும், தீர்க்க இரண்டு இலட்சம் ஆண்டுகள் வேண்டும்! வெளியே வந்த அந்த மனிதன், தனக்கு நூறு நாட்கூலி, அதாவது நாலு மாதச் சம்பளம் தரவேண்டியவனின் கழுத்தை நெரித்தான். தன் துண்டு கிழிக்கப்பட்டவன், அடுத்தவனுக்குத் துண்டு எழுதினான். அதனால் பெற்ற மன்னிப்பையும் இழந்தான்.

நம்மிடையே இன்று துண்டு எழுதுகிறவர் இல்லையா? மாதம் நூற்றுக்குப் பத்து வட்டி வாங்குபவர், பத்தாம் மாதத்தில் முதலுக்குச் சமமானதை வாங்கிவிடுகிறார். முதலோ அப்படியே நிற்கிறது. அடகாக வாங்கிய போர்வையைப் பொழுது சாயுமுன் ஏழைக்குத் திருப்பிக் கொடு என்று யாத்திராகமம் 22ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. கொழுந்து நிறுக்கும்போது கூடைக்கும் ஈரத்துக்கும் கழிப்பது நியாயம். அதற்குமேல் ஒரு கிலோ கழித்தால் அது களவு. முற்றின இலையைக் கூடையின் அடியில் மறைப்பதும் நேர்மையல்ல. சம்பளத்தைக் குடித்துவிட்டு வரும் தகப்பன், மனைவி மக்களுக்குக் கடன்காரன். உழைத்தவனுக்குரிய நியாயமான கூலியை மறுப்பதோ வானத்தை நோக்கிக் கூக்குரலிடும் பாவங்களுள் ஒன்று என்று திருச்சபை போதிக்கிறது.

இங்கேதான் பாவசங்கீர்த்தனத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். மனஸ்தாபம், பாவ அறிக்கை, பரிகாரம் மூன்றும் வேண்டுமென 1551இல் திரிதெந்தின் சங்கம் போதித்தது. பாவமன்னிப்புப் பெற்றவன், எடுத்த பொருளைத் திருப்பிக் கொடுக்கும் கடமையிலிருந்து விடுபடுவதில்லை. மூன்று 'அருள் நிறை மரியே' சொல்லிவிட்டால் அயலானின் ஆயிரம் ரூபாய் நம்முடையதாகிவிடாது. உரியவரிடமே கொடுக்கவேண்டும், அவர் இறந்திருந்தால் அவர் வாரிசுகளுக்கு, ஆளே தெரியாவிட்டால் ஏழைகளுக்கு. ஒரேயடியாக முடியாதவர் சிறுகச் சிறுகக் கொடுக்கலாம். ஊரறிய அவமானப்படத் தேவையில்லை, மறைவாகவும் சேர்ப்பிக்கலாம்.

இது மீட்பை விலைகொடுத்து வாங்குவதல்ல. சக்கேயுவைப் பாருங்கள். அவன் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னபிறகா ஆண்டவர் அவன் வீட்டுக்கு வந்தார்? இல்லை. முதலில் அவன் பேர் சொல்லி அழைத்தார்; அதன்பிறகே சக்கேயு பாதிச் சொத்தை ஏழைகளுக்கும், வஞ்சித்ததை நாலு மடங்காக உரியவர்களுக்கும் கொடுக்க முன்வந்தான். அருள் முந்தியது; நீதி அதன் கனியாகப் பிந்தியது. கனியில்லாத மரத்தை யாரும் உயிருள்ள மரம் என்று நம்பமாட்டார்கள்.

அன்பான வாசகரே, இந்த வாரம் ஒரு வேளை, வீட்டில் செபமாலை முடிந்தபின் சற்று அமர்ந்து, உங்கள் கணக்கைப் பாருங்கள். பிறர் உங்களுக்குத் தரவேண்டியதை முதலில் பார்க்காதீர்கள். நீங்கள் பிறருக்குத் தரவேண்டியதைப் பாருங்கள். அன்பு என்ற கடனைத் தவிர வேறெந்தக் கடனும் யாருக்கும் இருக்கவேண்டாம் என்பது உரோமையருக்குச் சின்னப்பர் கூறிய புத்திமதி. அந்த ஒரு கடனை மட்டும் சாகும்வரை செலுத்திக்கொண்டே இருப்போம்.

சிந்தனைக்கு:

1. யாருக்காவது திருப்பிக் கொடுக்கவேண்டிய பொருள், கூலி, நற்பெயர் என்னிடம் இருக்கிறதா?

2. என் தொழிலில், "முறை அப்படி" என்று சொல்லி நான் உடன்படும் அநீதி எது?

3. நான் மன்னிக்காமல் மனக்கொப்பியில் எழுதி வைத்திருக்கும் பெயர் யாருடையது?