தேரியில் கிடைத்த கல்

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் அண்ணாச்சிக்குப் பலசரக்குக் கடை. சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டம். கடை அடைத்த பிறகு எழுதப் படிக்கப் பழகுகிறார்.

கோயில் கொடைக்கு ஊருக்குப் போய்த் திரும்பினார். வகுப்புக்கு வந்ததும் மடியை அவிழ்த்தார். உள்ளே ஒரு சிறிய கல்.

"டீச்சர், பேரன் தேரியில எடுத்தான். அம்பு முனை மாதிரி இருக்கு. ஒருத்தர் நூறு ரூபாய் தாறேன்னாரு. கொடுக்கலாமா?"

"அவசரப்படாதீங்க அண்ணாச்சி. முதல்ல நல்லாப் பார்ப்போம்."

நீங்களும் பாருங்கள்.

1. எங்கே கிடந்தது?
தேரி என்பது செம்மணல் மேடு. காற்று கொண்டுவந்து குவித்த மணல். காற்று மணலைத் தூக்கும். கல்லைத் தூக்காது. ஆகவே கல்லை யாரோ கொண்டுவந்திருக்க வேண்டும். ஆனால் ஜல்லி லாரியில் இருந்தும் கல் விழலாம். எனவே மேலும் பார்ப்போம்.

2. என்ன கல்?
வெங்கச்சாங்கல், சிக்கிமுக்கிக் கல் போன்றவை உடைத்தால் கத்திபோல் கூராகும். பழைய மனிதர் இவற்றைத் தேடி எடுத்தனர். தேரியில் நெடுங்காலம் கிடந்த கல்லில் செந்நிறம் ஏறியிருக்கும்.

3. செதுக்கிய தடம் உண்டா?
ஆற்றுக் கல் உருண்டு வழவழப்பாக இருக்கும். தானாக உடைந்த கல்லில் தடம் ஒழுங்காக இராது. மனிதர் செதுக்கிய கல்லில் விளிம்பு நெடுகச் சின்னத் தடங்கள் வரிசையாக இருக்கும்.

4. வடிவம் என்ன?
அம்பு முனைக்கு ஒரு நுனி கூராக இருக்கும். இரு பக்கமும் ஒத்திருக்கும். அடிப்பகுதியைக் குச்சியில் பொருத்துவார்கள். பிறை வடிவக் கருவிகளும் உண்டு. பல கருவிகள் விரல் நீளம்கூட இருக்காது.

அண்ணாச்சியின் கல்லில் நான்கும் இருந்தன.

"இந்த மாதிரிக் கல் வேற எங்கேயும் கிடைச்சிருக்கா?" என்று ஓர் அக்கா கேட்டார்.

டீச்சர் சொன்னார்: "1863 மே 30 அன்று சென்னைக்கு அருகே பல்லாவரத்தில் இராபர்ட் புரூஸ் பூட் ஒரு கல் கோடரியைக் கண்டார். நம் நாட்டில் பழைய கற்கால மனிதர் வாழ்ந்தது அதன் பிறகே உலகுக்குத் தெரிந்தது. சாயர்புரம், மெஞ்ஞானபுரம் தேரிகளில் கிடைத்த சிறு கற்கருவிகளைப் பற்றி சாய்னர், பிரிட்ஜெட் ஆல்ச்சின் என்ற ஆய்வாளர்கள் 1956இல் எழுதினார்கள். கேரளத்தில் தென்மலைப் பகுதிக் குகையிலும் சிறு கற்கருவிகள் கிடைத்துள்ளன."

"அப்ப வித்துடலாமா?"

"பழம்பொருள் வியாபாரம் செய்ய 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் வேணும். அது மட்டுமில்லை. இந்தக் கல்லைச் செய்தவருக்கு எழுத்துத் தெரியாது. அவர் விட்டுப்போன சேதி இந்தக் கல்தான். எந்த இடத்தில் கிடந்தது என்று தெரியாமல் போனால் பாதிச் சேதி அழிந்துபோகும். நானும் பள்ளிப் படிப்புதான். உறுதியாகச் சொல்ல வேண்டியவர்கள் தொல்லியல் துறையினர்."

அண்ணாச்சி சிறிது நேரம் பேசவில்லை. பிறகு பேரனுக்குப் போன் செய்தார். இடத்தைக் கேட்டார். ஒரு தாளை எடுத்து மெதுவாக எழுதினார்:

"இடம்: ஊருக்குக் கிழக்கே தேரி. இரட்டைப் பனை பக்கம். எடுத்தது: என் பேரன்."

தேதி போட்டார். கைநாட்டு வைக்கவில்லை. கையெழுத்துப் போட்டார். தாளில் கல்லைப் பொதிந்தார்.

"அடுத்த தடவை போகும்போது பாளையங்கோட்டை அரசு அருங்காட்சியகத்துல காட்டுறேன். இனிமே கல்லைப் பார்த்தா எடுக்காதே, இடத்தைக் குறிச்சு வைன்னு பேரன்கிட்டச் சொல்லிட்டேன்" என்றார்.

பதில் சொல்லுங்கள்
1. தேரியில் கிடக்கும் கல் ஏன் நம்மை யோசிக்க வைக்கிறது?
2. ஆற்றுக் கல்லுக்கும் செதுக்கிய கல்லுக்கும் என்ன வேறுபாடு?
3. உங்கள் ஊரில் இப்படி ஒரு கல்லைக் கண்டால் தாளில் என்னென்ன எழுதுவீர்கள்? எழுதிப் பாருங்கள்.