படம் போகும் இடத்துக்குப் பெயரும் போகட்டும்

1990இல் போரால் இடம்பெயர்ந்த, யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறை மக்களில் பலர், இராணுவத்தின் பிடியிலிருந்த காணிகள் கட்டங்கட்டமாக விடுபட்டபோது ஊர் திரும்பிப் படமெடுத்தார்கள். இடிந்த வீடுகள், வெளிச்சவீடு, 2015 ஜனவரியில் மீண்டும் ரயில் வந்த நிலையம் என்று எத்தனையோ. யார் வீடு, எந்த ஒழுங்கை என்பதை லைட்ரூம் கிளாசிக் என்ற படத்திருத்த மென்பொருளில் தட்டிவைத்தால், அது முதலில் தங்குவது அந்த மென்பொருளின் பதிவேடான கேட்டலாக்கில்தான். கோப்பை மட்டும் பென்டிரைவில் டொரொண்டோவுக்கு அனுப்பினால் வீடு போய்ச் சேரும். வீட்டுக்காரர் பெயர் இங்கேயே நின்றுவிடும்.

பெயரும் கூடப் போக, லைட்ரூமில் படங்களைத் தெரிவுசெய்து கன்ட்ரோல்+எஸ் அழுத்த வேண்டும். ரா படமானால் பக்கத்திலேயே அதே பெயரில், விவரத்தைத் தாங்கும் ஓர் எக்ஸ்எம்பி கோப்பு உருவாகும்; படத்தோடு அதையும் அனுப்ப வேண்டும். ஜேபெக் என்றால் விவரம் படத்துக்குள்ளேயே பதியும். தானாக எழுதும் வசதி கேட்டலாக் செட்டிங்ஸில் இருக்கிறது. பழைய கணினி கொஞ்சம் முனகும், முனகட்டும்.

கோப்புகளின் பெயர் மாற்றுவதும் இடம் மாற்றுவதும் லைட்ரூமுக்குள்ளேயே நடக்கட்டும்; வெளியே செய்தால் கேட்டலாக் அவற்றைத் தவறவிடும்.

இன்னொரு படத்திருத்த மென்பொருளான, இலவசமான டார்க்டேபிள், படக்கோப்பின் நீட்சியையும் சேர்த்து எக்ஸ்எம்பிக்குப் பெயர் வைக்கும். அதனால் அது எழுதியதை லைட்ரூம் கண்டுகொள்ளாது. ஒரே படத்தை இரண்டிலும் மாறிமாறித் திருத்துவது வீண் வம்பு.

கலெக்‌ஷன்களும் விர்ச்சுவல் காப்பிகளும் எக்ஸ்எம்பியில் ஏறுவதில்லை. அவற்றுக்காகக் கேட்டலாக்கையும் வேறொரு வன்தட்டில் பிரதி எடுத்து வைக்க வேண்டும்.