மரக்கட்டையால் துணியில் அச்சிடும் முறை

மசூலிப்பட்டணத்தை அடுத்த பெடனாவில் கலம்காரித் துணிகளுக்குக் கறுப்புக் கோடு பதிக்கும் முறையையே இங்கே எழுதுகிறேன். கடுக்காயும் இரும்பும் கூடிக் கருமையாகும் இத்தொழிலுக்கு வீட்டில் ஒரு மேஜையும் சில வாரப் பொறுமையும் போதும். கற்க வந்தவர்களிற் பலர் சாயம் காய்ச்சுவதிலே தேறிவிட்டு, கட்டையைத் துணியில் வைக்கும் அந்த ஒரு கணத்திலேயே தடுமாறுவதைக் கண்டிருக்கிறேனாதலால், ஏனையவற்றைச் சுருக்கி அதனையே விரிவாகச் சொல்கிறேன்.

முதலாவது, துணி. கஞ்சி போகத் துவைத்த காடாத் துணி 100 கிராமுக்கு, 20 கிராம் கடுக்காய்ப் பொடியும் ஓர் ஆழாக்குக் காய்ச்சாத எருமைப்பாலும் தண்ணீரிற் கரைத்து, அதில் துணியை ஒரே சீராக நனைத்துப் பிழிந்து வெயிலில் உலர்த்த வேண்டும். சாயம் ஊறிப் பரவாமல் தடுப்பது பாலின் கொழுப்பே. ஆகையால் பசும்பாலை நான் அனுமதிப்பதில்லை.

இரண்டாவது, சாயம். துருப்பிடித்த இரும்புத் துண்டுகளையும் வெல்லத்தையும் மண்பானைத் தண்ணீரிலிட்டு, வாயைத் துணியால் கட்டி, 15 நாள் புளிக்க வைத்து வடிகட்டி, புளியங்கொட்டை மாவு சேர்த்துக் காய்ச்சினால் பசையாகும். கரண்டியிலிருந்து தேன்போல் இறங்குவதே பதம்.

மூன்றாவது, தளமும் தட்டும். மேஜைமீது சாக்கை நாலு மடிப்பாக விரித்து, அதன்மேல் பழந்துணி பரப்பி, அச்சிடும் துணியைச் சுருக்கமின்றிக் குண்டூசியால் இறுக்க வேண்டும். அகலமான தட்டிலே மடித்த கம்பளியை வைத்து, மல்துணியால் மூடி, பசையை ஊற்றி ஊறவிட வேண்டும். கட்டையை அதன்மேல் ஒற்றும்போது சாயம் செதுக்கலின் முகட்டில் மட்டுமே ஏற வேண்டும். பள்ளங்களில் தேங்கினால் கம்பளி அதிகம் குடித்துவிட்டது என்று அறிந்து, கத்தி முதுகால் வழித்தெடுக்க வேண்டும்.

இனிப் பிரதானமான நாலாவது. தேக்குக் கட்டையின் ஓரங்களில் சிறு புள்ளிகள் செதுக்கியிருப்பார்கள். முன் பதிந்த அச்சின் வலப்புள்ளிமேல் இப்போது வைக்கும் கட்டையின் இடப்புள்ளி விழுவதே முழு வித்தை. பழகாதவர்கள் கண்ணைப் பூவின்மீது வைக்கிறார்கள். பூவைப் பார்த்தவன் கை பிசகும். பார்க்க வேண்டியது அந்த இடப்புள்ளி உள்ள மூலை ஒன்றையே. மூச்சை நிதானமாக வெளிவிட்டு, மூலை துணியைத் தொடும் தறுவாயில் ஒரு கணம் நின்று, பிறகு கட்டை முழுவதையும் நேரே இறக்கி, முதுகில் உள்ளங்கையின் அடிப்பக்கத்தால் ஒரே அடி அடித்து, சாயாமல் நேரே தூக்க வேண்டும். துணியைத் தொட்ட கட்டையை நகர்த்தலாகாது. நூலளவு விலகிவிட்டதென்று இழுத்துத் திருத்த முயன்றால் விலகலோடு இழுகலும் சேர்ந்துவிடும். அந்தப் பிழையை அப்படியே விட்டு, அடுத்த நாலு அச்சுகளில் மயிரிழை மயிரிழையாகப் பங்கிட்டுவிட்டால், எத்தனை கூர்ந்து நோக்கினும் பிழை புலப்படாது. ஒவ்வோர் அச்சுக்கும் கட்டையை மீண்டும் தட்டில் ஒற்ற வேண்டும். ஓர் ஒற்றலில் இரண்டு அச்சு ஒருபோதும் கூடாது. பசை பட்ட விரல் துணியில் பட்டால் அழியாத கறுப்புத் தடம் விழுமாதலால், வலக்கை கட்டைக்கும் இடக்கை துணிக்கும் என்று பிரித்துக்கொள்வது நலம்.

பதிந்தவுடன் மங்கிய சாம்பலாயிருக்கும் கோடு, அடுத்த அச்சு வைப்பதற்குள் கறுக்கத் தொடங்கும். அதைப் பார்க்கத் தலை நிமிர்த்தாதீர்கள்; வரிசை முடியும்வரை அந்த மூலையே உலகமாயிருக்கட்டும். ஒற்றல், வைத்தல், அடி, தூக்கல் என்னும் நாலும் ஒரு தாளத்தில் அமைந்துவிட்ட பிறகு, எத்தனையோ அப்பியாசங்களால் வசப்படாத சித்தம் தானாகவே அடங்கிவிடுகிறது. சாந்தியை நாடி அச்சிட்டபோது அது எனக்குக் கிட்டியதில்லை. புள்ளியை நாடியபோதெல்லாம் கிட்டியது.

கடைசியாக, மூன்று நாள் உலரவிட்டு, ஓடும் நீரில் துணியை விரித்துப் பிடித்து அலச வேண்டும். தேங்கிய நீரில் அமுக்கினால் பிரிந்த சாயம் வெள்ளைப் பகுதியில் படியும். கட்டையை மெல்லிய தூரிகையால் கழுவி, நிழலில் உலர்த்தி, எண்ணெய் தடவி வையுங்கள். அலசிய துணி கொடியிற் காயும்போதே அடுத்த துணியைக் கடுக்காய்ப் பாலில் நனைத்துவிடுங்கள். கை அந்தத் தாளத்தை மறப்பதற்குமுன் மறுபடி மேஜைக்கு வந்துவிட வேண்டும்.