அர்ச். அருளானந்தர்: பட்டாடை துறந்த பாலன்



அர்ச். அருளானந்தர் 1647-ல் லிஸ்பன் நகரில் பிரபு குலத்தில் பிறந்து, இளவரசரின் தோழனாய் அரண்மனையில் வளர்ந்தார். கொடிய நோய் கண்டபோது, பிள்ளை பிழைத்தால் ஓராண்டு சேசுசபை அங்கி உடுத்துவதாகத் தாயார் அர்ச். சவேரியாருக்கு நேர்ந்துகொண்டார். பாலன் குணமாகி, பட்டை நீக்கிக் கறுப்பங்கி தரித்தான். தாய் நேர்ந்தது ஓராண்டு. மகன் ஈந்ததோ ஆயுள் முழுவதும்!

அவர் இந்தியாவுக்குப் புறப்படுகையில் தடுக்க முயன்றவரும் அத்தாயாரே. மதுரை மிஷனில் காவி உடுத்து உழைத்த அவர், 1693 பிப்ரவரி 4-ந் தேதி ஓரியூரில் தலை வெட்டுண்டு வேதசாட்சியானார். செய்தி லிஸ்பனை எட்டியபோது, தாயார் துக்க உடையன்று, விழா உடையே அணிந்து நன்றி வழிபாட்டுக்கு வந்தார்.

பட்டு நெய்யும் காஞ்சி மண்ணின் பெற்றோரே! பிள்ளைக்கு நல்லாடை தேடுகிறோம். சர்வேசுரன் அப்பிள்ளையையே கேட்டால், கொடுப்போமா? இன்றிரவு ஜெபமாலைக்குப்பின் இதைச் சிந்தியுங்கள்.