‘கரண்டு வைப்பது’ என்றால் என்ன?



கோட்டைப்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் கதிர்வீச்சு சிகிச்சையைக் ‘கரண்டு வைப்பது’ என்றே சொல்லுவார்கள். உண்மையில் மின்சாரம் உடம்பில் பாய்வதில்லை. இயந்திரத்திலிருந்து வருவது வீரியம் மிகுந்த எக்ஸ் கதிர். அது படும்போது வலியும் தெரியாது, சூடும் தெரியாது.

வாய், தொண்டைப் புற்றுநோய்க்கு முன்பெல்லாம் முகத்தின் இரு பக்கமும் அகலமாகக் கதிர் விழுந்தது. கட்டியோடு, காதருகே உள்ள உமிழ்நீர்ச் சுரப்பியும் கெட்டது. பிழைத்தவர்கள் ஒவ்வொரு கவளத்துக்கும் தண்ணீர் குடித்தே சோற்றை விழுங்கினார்கள். இன்றைய லீனியர் ஆக்சிலரேட்டர் இயந்திரத்திலோ சீப்புப் பற்களைப் போன்ற மெல்லிய உலோகத் தகடுகள் நகர்ந்து, பல கோணங்களிலிருந்து கட்டியின் உருவத்துக்கேற்பக் கதிரை வடிவமைக்கின்றன. ஐ.எம்.ஆர்.டி. என்பது இதுதான். பிரிட்டனில் நடந்து 2011-இல் வெளியான ஆய்வில், ஓராண்டு கழித்தும் வாய் வறட்சியால் அவதிப்பட்டவர்கள் பழைய முறையில் 100-க்கு 74 பேர். புதிய முறையில் 38 பேர். சாப்பிட முடிகிறது என்பது சிறிய காரியமல்ல.

சென்னையில் 2019-இல் புரோட்டான் சிகிச்சையும் வந்துவிட்டது. எல்லாருக்கும் அது தேவைப்படுவதில்லை.

குறி தவறாதிருக்க நோயாளி அசையக்கூடாது. வெந்நீரில் இளகிய பிளாஸ்டிக் வலையை முகத்தில் படியவைத்து முகமூடி செய்கிறார்கள். மூச்சு முட்டுமோ என்று பலர் பயப்படுவார்கள். துளைகள் வழியே தாராளமாக மூச்சுவிடலாம் என்று முன்பே சொல்லிவைத்தால் பாதி பயம் போய்விடும்.

ஆனால் பெரிய சிரமம் வேறு. பெரும்பாலும் திங்கள் முதல் வெள்ளி வரை, 7 வாரம், 35 தடவை கதிர் கொடுக்கவேண்டும். கோட்டைப்பட்டினத்து விசைப்படகுகள் கடலுக்குப் போவதோ திங்கள், புதன், சனி. அறந்தாங்கி வந்து, தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ வண்டி மாறி, தினமும் போய்வர யாரால் ஆகும்? சிகிச்சை நீளும் ஒவ்வொரு நாளுக்கும், தலை, கழுத்துப் புற்று கட்டுப்படும் வாய்ப்பு சுமார் 1 சதவீதம் குறைகிறது. மிஞ்சிய புற்றணுக்கள் இடைவெளியில் வேகமாகப் பெருகுவதே காரணம்.

ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும். ஐப்பசியில் கண்ட புண் சித்திரை வரை காத்திருக்காது.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் கதிர்வீச்சு சிகிச்சை உண்டு. இழந்த கூலி அதில் வராது. ஆகவே உங்களுக்குத் தெரிந்த நோயாளியிடம், அந்த 7 வாரமும் எங்கே தங்குவார், வீட்டில் உலை வைக்க என்ன வழி என்பதை முதல் நாளே கேட்டுவிடுங்கள்.