கோலும் நூலும்

மேசைப் பந்தாட்டங்களுள் ஸ்நூக்கருக்கும் நம் நாட்டிற்கும் உள்ள உறவு பலரும் அறிந்ததே. 1875இல் ஜபல்பூரில் தோன்றி, 1880களில் உதகமண்டலத்தில் விதிகள் வகுக்கப்பெற்ற ஆட்டம் அது. ஸ்நூக்கர் கோலின் கைப்பிடி பெரும்பாலும் மெருகிட்ட வெற்று மரமே. ஆனால் அமெரிக்காவில் வளர்ந்த 'பூல்' ஆட்டத்தின் கோல்கள் பலவற்றில், கைப்பிடிமீது ஏறத்தாழ ஓரடி நீளத்திற்கு நூலோ தோலோ சுற்றப்பட்டிருக்கும். அச்சுற்று நைந்துபோனால் அதனை அகற்றிப் புதிதாகச் சுற்றுவது எங்ஙனம் என்பதை இங்குக் காண்போம்.

நூல் எதற்கு?

கையின் வியர்வையை உறிஞ்சுவதும், பிடி வழுக்காமல் காப்பதும் இச்சுற்றின் பணிகள். புகழ்பெற்ற கோல் வினைஞரான ஜார்ஜ் பாலபுஷ்கா (1912–1975) போன்றோர் விரும்பிக் கையாண்டது 'ஐரிஷ் லினன்' நூலாகும். ஆளிச் செடியின் தண்டு நாரிலிருந்து பெறப்படும் இந்நூலுக்கு ஒரு தனிப்பண்பு உண்டு. நனைந்தால் இதன் வலிமை குறையாது, மாறாக மிகும்.

சுற்று என்பது மரத்தின்மேல் போர்த்திய உறை என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. நூலின் தடிப்பு அளவிற்கு மரத்தில் பள்ளம் கடைந்து, அதற்குள்ளேயே நூலைச் சுற்றுகின்றனர். எனவே நூலும் மரமும் ஒரே மட்டமாக இருக்கும். நூலை அகற்றிவிட்டு வெறுமனே ஆடலாம் எனக் கருதுவோர் கையில் எஞ்சுவது பள்ளம் விழுந்த கோலே!

அகற்றும் முறை

சுற்றின் நடுவில் சில இழைகளை மட்டும் கத்தியால் அறுத்து, அங்கிருந்து இருபுறமும் பிரித்துச் செல்லவேண்டும். கத்தியின் கூர் மரத்தை நோக்கி அழுந்தலாகாது. சென்ற ஆண்டு நண்பர் ஒருவரின் பழைய கோலில் நான் அவசரப்பட்டு நீளவாட்டில் அழுத்திக் கீறினேன். நூல் நொடியில் வந்துவிட்டது. ஆனால் கத்தி பள்ளத்தையும் கடந்து ஓடி, மெருகிட்ட மரத்தில் ஒரு விரற்கடை நீளத்திற்குக் கோடு இட்டுவிட்டது. நண்பர் ஒன்றும் சொல்லவில்லை. அக்கோடு மட்டும் இன்றும் இருக்கிறது.

ஒட்டியிருக்கும் பழம்பசையை ஈரத்துணியால் ஊறவைத்து, மழுங்கிய தகட்டால் சுரண்டலாம். மரத்தை நனைய விடுதல் கூடாது. ஈரம் மரத்தைக் கோணச் செய்யும். பின்னர் ஒருநாள் உலரவிட்டு, நுண்ணிய உப்புத்தாளால் மெல்லத் தேய்க்கவேண்டும். பள்ளத்தின் இரு விளிம்புகளையும் தொடாதிருப்பது நன்று.

சுற்றும் முறை

எவ்வளவு நூல் வேண்டும்? கைப்பிடியின் விட்டம் 3 செ.மீ. எனில் சுற்றளவு ஏறத்தாழ 9.4 செ.மீ. சுற்றின் நீளம் 30 செ.மீ., நூலின் தடிப்பு 0.6 மி.மீ. எனக் கொண்டால் 500 சுற்றுகள். ஆகவே நூல் 47 மீட்டர். சற்று மிகுதியாக வாங்குவதே அறிவுடைமை.

மரவேலைக்குரிய வெள்ளைப் பசையைச் சிறிது சிறிதாக, மெல்லிதாகத் தடவவேண்டும். ஒருவர் கோலை உருட்ட, மற்றவர் நூலை ஒரே இழுவிசையில், இடைவெளியின்றி அடுத்தடுத்துச் சுற்றவேண்டும். கடைசிப் பத்துச் சுற்றுகளுக்கு முன், வலிய நூலால் ஆன கண்ணி ஒன்றை வைத்து அதன்மேல் சுற்றி, நுனியைக் கண்ணிக்குள் செலுத்தி இழுத்தால், முனை சுற்றின் அடியில் மறைந்துவிடும். கிரிக்கெட் மட்டையின் பிடிக்கு நூல் சுற்றுவோர் இதனை அறிவர்.

பின் நூலை இலேசாக ஈரமாக்கி, வழவழப்பான கண்ணாடிக் குப்பியால் அழுத்தித் தேய்த்து, துணிக்குப் போடுவதுபோல் கஞ்சியிட்டு உலர்த்தவேண்டும். தோல் சுற்ற விரும்புவோர் ஒன்றை நினைவிற் கொள்க: தோல் பெரும்பாலும் நூலைவிடத் தடித்தது, நூலுக்காகக் கடைந்த பள்ளத்தில் அது புடைத்து நிற்கும்.

முடிவுரை

நூல் தேய்வதற்கென்றே அமைந்தது; எத்தனை முறையும் மாற்றலாம். மரமோ ஒருமுறை கீறினால் கீறியதுதான். எந்தப் பொருளைப் பழுது பார்க்கப் புகுந்தாலும், அதில் மாற்றத்தக்கது எது, மாற்ற இயலாதது எது என்று முதலில் தெளிந்துகொண்டு கருவியைக் கையில் எடுத்தல் வேண்டும். நண்பரின் கோல் எனக்குக் கற்பித்த பாடம் இதுவே.